ஹார்ன்புளோயரா, ஆப்ரியா: எந்தக் கப்பலில் ஏறுவது?

பேட்ரிக் ஓப்ரையனின் 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' நாவலை இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் ஐம்பது பக்கம் தாண்டாமல் வைத்துவிட்டவன் நான். கதை பிடிக்காமல் இல்லை. கப்பலில் இருக்கும் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பாய்க்கும் ஒரு பெயர். அத்தனையும் மொத்தமாக வந்து தலையில் விழுந்தால் யார்தான் தாங்குவார்கள்? மூன்றாவது தடவை உள்ளே போனேன், அப்புறம் அந்த ஜாக் ஆப்ரி தொடரின் இருபது நாவலையும் முடிக்காமல் வெளியே வரவில்லை. இரண்டாவது தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் நடுவில் நடந்தது ஒன்றுதான்: சி. எஸ். ஃபாரஸ்டரின் ஹார்ன்புளோயர் புத்தகங்களில் இரண்டைப் படித்திருந்தேன்.

நெப்போலியன் காலத்து ஆங்கிலேயக் கடற்படையை வைத்து எழுதப்பட்ட நாவல்களை யாரிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஏறக்குறைய அந்த அனுபவத்திலேயே இருக்கிறது. ஆனாலும் இது ஒரு நாள் இரண்டு நாள் சங்கதி இல்லை. ஓப்ரையனை முழுதாகப் படிக்க எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரத்தைக் கொடுப்பதற்கு முன் யார் யார் என்ன தருகிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லதுதானே.

முதலில் இரண்டு பேரைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். ஃபிரெடெரிக் மாரியட் (1792–1848) நிஜமான கடற்படைக்காரர். 1806-இல் சிறுவனாக 'இம்பீரியூஸ்' கப்பலில் சேர்ந்தார். அதன் கேப்டன் தாமஸ் காக்ரேன். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார். முதல் பர்மா போரில் 'லார்ன்' என்ற கப்பலுக்கு மாரியட்டே தலைவர். அவருடைய 'பீட்டர் சிம்பிள்' (1834), 'மிஸ்டர் மிட்ஷிப்மேன் ஈசி' (1836) இரண்டும் காப்புரிமை தீர்ந்தவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கண்ணால் பார்த்தவன் எழுதியது என்ற ஒரு வாசனை அவற்றில் உண்டு; பின்னால் வந்த எவரிடமும் அது இல்லை. ஆனால் கதை கட்டுக்கோப்பாக ஓடாது. திடீரென்று நகைச்சுவைத் துணுக்கு, திடீரென்று உபதேசம். முதல் புத்தகமாக எடுத்தால் சலித்துப்போகும். மற்றவர்களைப் படித்துவிட்டு வந்தால், அவர்கள் எங்கிருந்தெல்லாம் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பதே ஒரு ருசி.

அலெக்சாண்டர் கென்ட் இன்னொருவர். சொந்தப் பெயர் டக்ளஸ் ரீமன். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். போரில் இறந்த நண்பனின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு 1968-இல் ரிச்சர்ட் பொலைதோ கதைகளைத் தொடங்கினார். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. புயல், சண்டை, உள்ளே ஒரு பொல்லாத அதிகாரி, மறுபடியும் சண்டை. ரயில் பயணத்துக்கு ஏற்ற துணை. நாலு புத்தகத்துக்கு மேல் என்னால் போக முடியவில்லை. எதில் என்ன நடந்தது என்பது கலந்துவிட்டது.

மிச்சம் இரண்டு பேர். தீர்மானிக்க வேண்டியது அவர்களுக்கு நடுவில்தான்.

ஃபாரஸ்டர் 1899-இல் கெய்ரோவில் பிறந்தவர். சொந்தப் பெயர் செசில் லூயிஸ் ட்ரௌட்டன் ஸ்மித். லண்டன் கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, முடிக்காமல் விட்டு எழுத வந்தார். 1927-இல் 'நேவல் க்ரானிக்கிள்' என்ற பழைய கடற்படை இதழின் தொகுப்புகள் பழைய புத்தகமாக அவர் கைக்கு வந்தன. நெல்சன் காலத்து அதிகாரிகள் தங்களுக்காகவே எழுதிக்கொண்ட இதழ் அது. அதில் அவரைப் பிடித்துக்கொண்ட ஒரு விஷயம், செய்தி போய்ச்சேர ஆகும் நேரம். ஐரோப்பாவில் சமாதானம் ஆகியிருக்கும். உலகத்தின் மறுகோடியில் இருக்கும் கப்பலுக்கு அது தெரிய மாதக்கணக்காகும். அதுவரை அங்கே செத்துக்கொண்டிருப்பார்கள். பிற்பாடு ஹாலிவுட்டிலிருந்து ஒரு சரக்குக் கப்பலில் மத்திய அமெரிக்கக் கரையோரமாக இங்கிலாந்து திரும்பியபோது, அந்த விஷயமும் அந்தக் கடற்கரையும் ஒன்றாகச் சேர்ந்தன. 1937-இல் வந்தது 'தி ஹேப்பி ரிட்டர்ன்'.

அதில் ஹார்ன்புளோயர் 36 பீரங்கி கொண்ட 'லிடியா'வின் கேப்டன். தன்னைவிடப் பெரிய 'நத்திவிதாத்' என்ற ஸ்பானியப் போர்க்கப்பலை இரவில் தந்திரமாகப் பிடிக்கிறார். மேலிடத்துக் கட்டளைப்படி, அதை ஸ்பெயினுக்கு எதிராகக் கிளம்பிய ஒரு பைத்தியக்காரக் கலகத் தலைவனிடம் ஒப்படைக்கிறார். அப்புறம்தான் செய்தி வருகிறது: ஸ்பெயின் இப்போது இங்கிலாந்தின் பக்கம். ஆக, தானே பிடித்து, தானே தாரைவார்த்த கப்பலோடு தானே மறுபடி மோத வேண்டும். இப்படி ஒரு முடிச்சை ஐம்பது பக்கத்துக்குள் போட்டுவிடுகிற ஆள் ஃபாரஸ்டர்.

அவருடைய பலம் என்னவென்றால், எல்லாவற்றையும் ஒருத்தனுடைய மண்டைக்குள்ளிருந்து காட்டுவார். ஹார்ன்புளோயர் ஓயாமல் கணக்குப் போடுகிறவன், தன்னையே நம்பாதவன், பாராட்டினால் எரிச்சல்படுகிறவன். சங்கீதம் அவன் காதுக்கு வெறும் இரைச்சல். நங்கூரம் பாய்ச்சி நிற்கிற கப்பலிலேயே முதல் நாள் வாந்தி எடுத்துக் கேலிக்கு ஆளானவன். காற்று எந்தப் பக்கம், கப்பலைத் திருப்ப எத்தனை நிமிடம், எதிரி அதற்குள் எத்தனை குண்டு போடுவான் என்று அவன் மனசுக்குள் ஓடுகிற கணக்கோடு நாமும் ஓடுகிறோம். காற்று வரும் பக்கத்தைப் பிடித்துக்கொண்ட கப்பலுக்குத்தான் சண்டையை எப்போது தொடங்குவது என்ற உரிமை. இதை யாரும் நமக்குப் பாடம் நடத்தாமலே பத்துப் பக்கத்தில் புரிந்துவிடும். ஆங்கிலமும் நேரான ஆங்கிலம். வேறு மொழிக்காரராக நின்று படிக்கிற நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு கதையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 'மிஸ்டர் மிட்ஷிப்மேன் ஹார்ன்புளோயர்' (1950) தொகுப்பில் இருக்கிறது. சின்னப் பையன் ஹார்ன்புளோயரிடம், பிடிபட்ட பிரெஞ்சுச் சரக்குக் கப்பல் ஒன்றைக் கொடுத்து, கூட நாலு ஆளையும் கொடுத்து, கரை சேர்த்துவிடு என்கிறார்கள். கப்பலின் அடிப்பக்கத்தில் ஒரு குண்டு துளை போட்டிருக்கிறது. அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று கோல் விட்டுப் பார்க்கிறார்கள், காய்ந்துதான் இருக்கிறது. சரி என்று நிம்மதியாகப் போகிறார்கள். சரக்கு என்ன? அரிசி. வந்த தண்ணீரை எல்லாம் அரிசி குடித்துக்கொண்டிருக்கிறது. அரிசி ஊறப்போட்டுப் பழகியவர்களுக்கு அடுத்தது என்ன என்று ஹார்ன்புளோயருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். உப்புகிற அரிசி மேல்தளத்துப் பலகைகளைத் தூக்கிப் பிளக்கிறது. துளையை வெளியிலிருந்து பாயால் மூடியும், மூட்டைகளைக் கடலில் கொட்டியும் பிரயோஜனமில்லை. எதிரி யாரும் இல்லாமல், ஒரு பீரங்கிகூட வெடிக்காமல், கப்பல் போய்விடுகிறது. தவறு தன்னுடையது என்பதை அந்தப் பையன் யாரிடமும் சொல்லாமலே சுமக்கிறான். ஃபாரஸ்டரின் மொத்தமும் இந்த ஒரு கதைக்குள் இருக்கிறது.

ஃபாரஸ்டரிடம் குறை இல்லையா? உண்டு. ஹார்ன்புளோயரைத் தவிர மற்றவர்கள் வெளிச்சத்துக்கு வருவதே அபூர்வம். உற்ற தோழன் புஷ் நல்லவர், விசுவாசமானவர், அவ்வளவுதான். பெண்கள் இன்னும் மெலிவு. ஐந்தாறு புத்தகத்துக்குப் பிறகு, ஒரே அறையில் ஒரே ஆளோடு பூட்டி வைத்ததுபோல இருக்கும். அந்த ஆளும் சிடுமூஞ்சி.

1966-இல் ஃபாரஸ்டர் இறந்தார். அந்த இடம் காலியாயிற்று. அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று, முன்பு சிறுவர்களுக்காக இரண்டு கடல் நாவல் எழுதியிருந்த, அப்போது பெரும்பாலும் மொழிபெயர்ப்பில் காலம் தள்ளிக்கொண்டிருந்த ஓப்ரையனிடம், பெரியவர்களுக்கு ஒன்று எழுதித்தரச் சொன்னது. 1969-இல் 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' வந்தது. ஃபாரஸ்டர் மாதிரி எதிர்பார்த்தவர்களுக்கு வந்து சேர்ந்தது வேறு சாமான்.

முதல் காட்சியையே பாருங்கள். வருடம் 1800. மினோர்கா தீவின் மஹோன் துறைமுகம், கவர்னர் மாளிகையில் கச்சேரி. வாசிப்பது லோகடெல்லி என்ற இத்தாலிய இசையமைப்பாளரின் படைப்பு. வேலை கிடைக்காமல் காத்திருக்கும் லெப்டினன்ட் ஜாக் ஆப்ரி, பெரிய உடம்பை ஒரு சின்ன நாற்காலியில் திணித்துக்கொண்டு, லயித்துப்போய்த் தொடையில் தாளம் போடுகிறான். தாளம் அரை மாத்திரை முந்துகிறது. பக்கத்தில் கறுத்து ஒல்லியாக ஒருவன். தாளம் போட்டே ஆக வேண்டுமென்றால் ஒழுங்காகப் போடும் என்று சொல்கிறான். மறுபடி கை எழும்போது விலாவில் ஒரு இடி. இருவரும் கைகலப்புக்கு, அதாவது அந்தக் காலத்து வழக்கப்படி துப்பாக்கிச் சண்டைக்குத் தயார். அன்று இரவே ஜாக்குக்குக் கப்பல் கிடைத்த உத்தரவு வருகிறது. அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் அந்த ஒல்லி ஆளைத் தெருவில் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டு, சாப்பிடக் கூப்பிட்டு, கடைசியில் கப்பலுக்கு டாக்டராக வாரும் என்கிறான். ஸ்டீவன் மாட்டுரின் கையில் காசில்லாமல் நிற்கிறான், ஒத்துக்கொள்கிறான். ஜாக்குக்கு வயலின், ஸ்டீவனுக்கு செல்லோ. இருபது நாவலும் இந்த இருவரின் பேச்சுதான்.

கடல் சண்டையிலிருந்து தொடங்காமல் அரை மாத்திரையிலிருந்து தொடங்கியிருக்கிறார், கவனியுங்கள். ஹார்ன்புளோயருக்கு யாரிடமும் மனம் விட்டுப் பேச வராது. இங்கே பேச்சு ஓயாது. ஜாக் கடலில் சிங்கம், தரையில் கால் வைத்தால் ஏமாளி. ஸ்டீவன் டாக்டர், பறவை பூச்சி எல்லாம் ஆராய்கிறவன், அயர்லாந்து அப்பாவுக்கும் கட்டலான் அம்மாவுக்கும் பிறந்தவன், ரகசிய உளவாளி. படகிலிருந்து கப்பலுக்கு ஏறும்போது இருபது வருடப் பழக்கத்துக்குப் பிறகும் தண்ணீரில் விழுவான். கயிற்றுப் பெயர் தெரியாமல் திண்டாடிய எனக்கு மூன்றாவது தடவை உறைத்தது இதுதான்: ஸ்டீவனுக்கும் அது தெரியாது. மாலுமிகள் அவனைப் பாய்மரத்தின்மேல் ஏற்றி ஒவ்வொன்றாக விளக்குகிறார்கள். அவன் தலையை ஆட்டுகிறான். ஒன்றும் மண்டையில் ஏறுவதில்லை. வாசகனின் அறியாமைக்கு ஒரு இருக்கை போட்டு வைத்திருக்கிறார் ஓப்ரையன். அதில் உட்கார்ந்துகொண்டால் போதும், அகராதியே வேண்டாம்.

சண்டைகளை அவர் கற்பனையில் செய்வதில்லை, கடற்படை ஆவணங்களிலிருந்து எடுப்பார். முதல் நாவலின் பெரிய மோதல், நான் முன்பு சொன்ன காக்ரேன் 1801 மே 6 அன்று நிஜமாக நடத்தியது. அவருடைய 'ஸ்பீடி'யில் 54 பேர், 14 குட்டிப் பீரங்கிகள். எதிரே 'எல் காமோ', 319 பேர், 32 பீரங்கிகள். காக்ரேன் கப்பலை ஒட்டினாற்போல் கொண்டுபோய்விட்டார். உயரமான ஸ்பானியக் கப்பலின் குண்டுகள் எல்லாம் தலைக்குமேல் பறந்து பாயைக் கிழித்தன. பிறகு மொத்தப் பேரும் எதிரிக் கப்பலில் தாவினார்கள். 'ஸ்பீடி'யில் மிச்சமிருந்தது டாக்டர் ஒருவர்தான், சுக்கானைப் பிடித்தபடி. நாவலில் இப்படி எழுதினால் நம்ப மாட்டார்கள் என்பார்களே, அந்த வகை.

இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் எதிரிக் கப்பல் சாகும் காட்சியைப் பாருங்கள். ஃபாரஸ்டரில் 'நத்திவிதாத்' மூழ்குவது நீண்ட, களைத்துப்போன ஒரு கணக்கின் முடிவு. வென்றபோதும் ஹார்ன்புளோயருக்குத் தன் கப்பலின் ஓட்டை, தன் ஆட்களின் சாவு, அடுத்து என்ன என்பதுதான். ஓப்ரையனின் 'டெசொலேஷன் ஐலண்ட்' (1978) நாவலில், தென்கடலின் மலைபோன்ற அலைகளில், ஜாக்கின் 'லெப்பர்ட்' கப்பலை அதைவிடப் பெரிய டச்சுக் கப்பல் நாள்கணக்காகத் துரத்துகிறது. பின்பக்கத்துப் பீரங்கிகளால் சுட்டுக்கொண்டே ஓடுகிறார்கள். ஒரு குண்டு டச்சுக் கப்பலின் முன்பாய்மரத்தில் படுகிறது. மரம் சாய்கிறது, கப்பல் பக்கவாட்டில் திரும்புகிறது, அலை மேலே விழுகிறது. அடுத்த அலை உச்சியிலிருந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. அறுநூறு பேர். ஜாக் வாயிலிருந்து வெற்றி முழக்கம் வரவில்லை, கடவுளே என்ற ஒரு வார்த்தைதான் வருகிறது. அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தது நினைவிருக்கிறது.

இதே ஆள்தான் 'எச்.எம்.எஸ். சர்ப்ரைஸ்' (1973) நாவலில், ஸ்டீவன் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஸ்லாத் என்கிற மந்தப் பிராணிக்கு ஜாக் சாராயம் ஊட்டிக் குடிகாரனாக்குவதையும் எழுதியிருக்கிறார். ஜாக்கின் முகத்தைப் பார்த்தாலே அழுத அந்தப் பிராணி, சாராயத்தில் நனைத்த கேக்குக்கு அடிமையாகி அவனையே தேட ஆரம்பிக்கிறது. அதே நாவலின் பம்பாய்ப் பகுதியில் தில் என்ற ஏழைச் சிறுமி வருகிறாள். ஸ்டீவன் பிரியமாகக் கொடுக்கும் வெள்ளி வளையல்களே அவள் உயிருக்கு எமனாகின்றன. ஸ்லாத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தவனை அதே புத்தகம் இப்படி உட்கார வைத்துவிடும்.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். சில நாவல்கள் பாதிச் சொற்றொடரில் நின்றதுபோல முடியும். பெரிய சண்டை வரப்போகிறது என்று காத்திருப்போம். அடுத்த அத்தியாயத்தில் அது முடிந்துபோய், யாரோ சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். போரும் 1815-இல் தீர்ந்துவிடும் அல்லவா, எழுத எழுத வரலாறு கையிருப்பில் இல்லாமல் போயிற்று. ஆகவே 1812-ஐ 1812அ, 1812ஆ என்று இழுத்துக்கொள்கிறேன் என்று அவரே ஒரு முன்குறிப்பில் ஒப்புக்கொண்டார். தேதி பார்த்துப் படிக்கிறவர்களுக்கு இது உறுத்தும். நான் ஐந்தாவது புத்தகத்திலேயே தேதி பார்ப்பதை விட்டுவிட்டேன்.

எழுதியவரின் வாழ்க்கை சிலருக்குத் தடையாக இருக்கிறது, அதையும் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும். ஓப்ரையன் தன்னை அயர்லாந்துக்காரராகவே உலகம் நம்பும்படி விட்டிருந்தார். அவர் 1914-இல் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷரில் ரிச்சர்ட் பேட்ரிக் ரஸ் என்ற பெயரில் பிறந்தவர். அப்பா ஜெர்மானிய வம்சாவளி மருத்துவர். 1945-இல் பெயரை மாற்றிக்கொண்டார். முதல் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும், அதில் ஒன்று பிறவி நோயுள்ள பெண் குழந்தை, விட்டுவிட்டுப் போனவர். இரண்டாம் மனைவி மேரியோடு 1949-இல் தெற்கு பிரான்சின் கொலியூர் என்ற கடற்கரை ஊருக்குப் போய், ஏறக்குறைய ஐம்பது வருடம் அங்கேயே இருந்து எழுதினார். சிறு வயதில் பாய்க்கப்பலில் போனேன் என்று சொல்லியிருந்தார். 1990-களில் அவரைத் தன் பாய்ப்படகில் அழைத்துப்போன அமெரிக்கப் பணக்காரர் டாம் பெர்கின்ஸ், அவருக்குக் கப்பல் ஓட்டும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை என்று பின்னால் எழுதினார். புகழும் தாமதமாகத்தான் வந்தது: 1990-இல் நார்ட்டன் பதிப்பகம் அமெரிக்காவில் மறுபடி வெளியிட்ட பிறகு, எழுபத்தைந்து வயதுக்கு மேல். பழைய பெயர் பத்திரிகைகளில் வெளிவந்தது 1990-களின் கடைசியில். 2000 ஜனவரி 2 அன்று டப்ளினில் இறந்தார்.

என்னைக் கேட்டால், குழந்தையை விட்டுப்போனதை மன்னிக்கும் அதிகாரம் வாசகனுக்கு இல்லை. நாவலைக் கீழே வைக்கும் கட்டாயமும் இல்லை. கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது நாகரிகமான பேச்சு முறை அல்ல என்று ஸ்டீவன் ஓரிடத்தில் சொல்வான். விவரம் தெரிந்த பிறகு அந்த வரியை வேறு மாதிரிதான் படிக்க முடிகிறது. ஃபாரஸ்டரும் பெயரை மாற்றிக்கொண்டவர்தான், ஆனால் அவர் மாற்றியது புத்தக அட்டைக்காக.

சரி, எந்தப் புத்தகத்தை வாங்குவது?

ஒரே ஒரு நாவல்தான் படிப்பேன் என்பவருக்கு 'தி ஹேப்பி ரிட்டர்ன்'. தொடர்கதை படித்து வளர்ந்தவர், அத்தியாய முடிவில் ஒரு திருப்பம் வேண்டும் என்பவர் ஃபாரஸ்டரின் பத்து நாவலையும் படிக்கலாம், ஏமாற்றம் இருக்காது. ஹார்ன்புளோயரின் வயது வரிசையில் போகாமல் எழுதிய வரிசையில் போகச் சொல்வேன். முதலில் நடுவயதுக் கேப்டனைத்தான் அவர் எழுதினார், அந்தப் பையன் பிற்பாடு வந்தவன். கேப்டனைத் தெரிந்துகொண்டு பையனைப் பார்க்கும்போது அரிசிக் கப்பலின் அவமானம் இன்னும் குத்தும்.

ஓப்ரையன்தான் வேண்டும் என்பவர் முதலில் ஃபாரஸ்டரில் இரண்டு படித்துக் காற்றும் பாயும் பழகிக்கொள்ளுங்கள், அப்புறம் 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்'. வரிசையை மாற்ற வேண்டாம். இது இருபது துண்டாக வந்த ஒரே நாவல். இரண்டாவது புத்தகம் 'போஸ்ட் கேப்டன்' பாதி தூரம் தரையிலேயே நடக்கும், காதல், கடன் தொல்லை என்று. பிரான்சில் மாட்டிக்கொண்ட ஜாக் கரடித்தோல் போர்த்திக்கொண்டு, ஸ்டீவன் கரடியாட்டுபவனாக முன்னே நடக்க, எல்லை தாண்டுவான். அந்த இடத்தில் சிலர் புத்தகத்தைத் தூக்கி எறிகிறார்கள். மூன்றாவதான 'எச்.எம்.எஸ். சர்ப்ரைஸ்' முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் உங்களுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை, விட்டுவிடலாம். 2003-இல் வந்த ரஸ்ஸல் குரோ படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: படத்தில் துரத்தப்படுவது பிரெஞ்சுக் கப்பல், அதற்கு அடிப்படையான பத்தாவது நாவலில் அது அமெரிக்கக் கப்பல். படத்தின் வேகத்தை எதிர்பார்த்து நேராகப் பத்தாவதைத் திறந்தால் நான் முதலில் பட்ட பாட்டையே படுவீர்கள்.

இருவருமே ஒரு நாவலைப் பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள். ஃபாரஸ்டரின் அரைகுறை நாவல் ஹார்ன்புளோயர் வாழ்க்கையின் நடுப்பகுதியில் நடப்பது. அதற்குப் பின் என்ன ஆனான் என்பது மற்றப் புத்தகங்களில் இருப்பதால் தைரியமாகப் படிக்கலாம். ஓப்ரையனின் இருபத்தொன்றாவது அப்படி இல்லை. 2004-இல் வெளியானது, சில அத்தியாயங்கள்தான். அதற்கு மேல் ஜாக்கும் இல்லை, ஸ்டீவனும் இல்லை. வாங்கி வைத்துப் பல வருடமாகிறது. அதில் அப்படியே அச்சிட்டிருக்கும் அவருடைய கையெழுத்துப் பிரதியின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன், படிக்கத் தொடங்கவில்லை.